இருபத்திமூன்றாம் துண்டிலே கட்டியிருந்த கடுதாசி

என் உயிர்ச் சிநேகிதன் சூசைக்கு,

கந்தையா கதைக்கிறேன். எழுதுகிறேன் என்று சொன்னால் நீர் சிரிப்பீர். உம்முடைய மகள் ஜெசிந்தா உங்கள் குசினி மேசையிலே கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எழுதி முடித்ததும் மெல்பேர்னிலே வருகிற எங்கள் தமிழ்ப் பேப்பருக்குக் கொடுக்கப் போகிறாளாம். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நான் சொல்லுவது உமக்குத்தான்.

நல்ல செய்தி ஒன்றும் கொண்டு வரவில்லை. எங்கள் தோட்டத்துண்டு போகப்போகிறது, சூசை. டண்டினொங் பொதுத்தோட்டத்திலே கம்பி வேலிக்குள்ளே ஆளுக்கொன்றாக அறுபது துண்டு இருக்கிறதே, அதிலே இருபத்திமூன்றாம் துண்டு, ஆறு குளிர்காலம் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து நிமிர்ந்த துண்டு, இனி எங்களுடையது இல்லை. வருகிற சனிக்கிழமை கேற்றுப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிழை வேறு ஆருடையதும் இல்லை. என்னுடையது. எப்படி என்று சொல்லத்தான் இங்கே வந்து இருக்கிறேன்.

உமக்குத் தெரியும், எழுத்து என் தலையில் ஏறவில்லை. இலக்கம் மட்டும் பார்த்தால் சொல்லுவேன். ஆனால் ஒருதரம் கண்டதும் கேட்டதும் என்னை விட்டுப் போவதில்லை. முதல் குளிருக்கு நாங்கள் பட்டாணிக்குப் பந்தலை வடக்குக் கரையிலே போட்டோம். இந்த நாட்டிலே சூரியன் குளிர்காலம் முழுக்க வடக்காலேதான் சரிந்து போகும் என்று எங்களுக்கு ஆர் சொன்னது? கரட்டும் பீற்றூட்டும் பந்தல் நிழலுக்குள்ளே கிடந்து வெளிறிப்போயின. பக்கத்துத் துண்டுக் கிரேக்கக் கிழவன் கொஸ்தா வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்துத் தலையிலே கை வைத்தான். நீர் என்ன சொன்னீர் தெரியுமே? "மன்னாரிலை சூரியன் தலைக்கு மேலை நிமிந்து நிண்டது கந்தர். இஞ்சை வந்து அதுக்கும் முதுகு கூனிப்போச்சு."

மூன்றாம் குளிருக்குக் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வெள்ளுள்ளியை அழுக வைத்தது. அந்த முறைதான் பாத்தியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினோம். நாலாம் குளிருக்கு நீர் மார்க்கெற்றிலே மீன்கடைக்காரனிடம் கெஞ்சி, மீன் தலையும் குடலும் ஒரு வாளி கொண்டுவந்து உள்ளிப் பாத்தியிலே பசளைக்குப் புதைத்தீர். அடுத்த நாள் காலமை போனால் நரி வந்து அத்தனை உள்ளியையும் கிண்டி எறிந்திருந்தது. நான் நரியை வாய்க்கு வந்தபடி பேசினேன். நீர் பேசவில்லை. "விளைமீன் தலையை மட்டும் தெரிஞ்சு எடுத்திருக்கு. விசயம் தெரிஞ்ச நரி" என்றீர். கடலிலே வளர்ந்த உமக்கு மண் தெரியாது. மண்ணிலே வளர்ந்த எனக்குப் படிப்புத் தெரியாது. வெங்காயத்துக்கு எப்போது தண்ணீரை நிற்பாட்டுவது என்று நான் சொன்னேன். விதைப் பைக்கற்றிலே என்ன எழுதியிருக்கிறது என்று நீர் சொன்னீர். அப்படித்தானே எங்கள் கமம் நடந்தது?

இந்த வருசம் மார்ச் மாதம், தயிர் வந்த பிளாஸ்ரிக் பேணிகளிலே, தண்டு உருண்டு ஊதுமே, அந்த நோக்கோல் விதை போட்டு என் வீட்டுப் பல்கனியிலே வைத்தோம். நாற்பது பேணி. ஈஸ்டர் கழிந்து நடுவோம் என்றீர். ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை காலமை ஜெசிந்தா ரெலிபோன் எடுத்தாள். நித்திரையிலேயே போய்விட்டீராம். நான் அப்போது பேணிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, மிச்சப் பேணிகளுக்கும் விட்டேன். வேறென்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மை உங்கள் வேதக் கோவிலிலே வைத்துப் பூசை செய்தபோது நான் கடைசி வாங்கிலே இருந்தேன். எழும்பு என்றபோது எழும்பினேன். முழங்காலிலே நில் என்றபோது முழங்கால் விடவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை. உமக்காக நான் செத்தவீட்டுத் துடக்குக் காத்தேன், சூசை. முப்பத்தொரு நாள். கூடப் பிறந்தவனுக்குக் காக்கிற மாதிரி. சவரம் செய்யவில்லை, கோவிலுக்குப் போகவில்லை, மீன் மச்சம் தொடவில்லை. மண்ணிலே ஒரு விதை போடவில்லை.

மருமகள் சுகந்திக்கு விளங்கவில்லை. "மாமா, அவர் வேதக்காரர். எங்கடை ஆளும் இல்லை. உங்களுக்கு என்ன துடக்கு?" என்று கேட்டாள்.

"ஆறு வருசம் ஒரு போத்தலிலை தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்றேன்.

"அப்ப நான் வேலையிலை கன்ரீன்காரனுக்கும் காக்கவேணும்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள். கூடாத பிள்ளை இல்லை. வாய்தான்.

பல்கனியிலே நின்ற நாற்றுக்குத் தண்ணீர் மட்டும் விட்டேன். உயிரோடு நிற்கிறதைச் சாகவிட எந்தத் துடக்கும் சொல்லாது. ஆனால் தோட்டத்துக்குப் போகவில்லை. ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும். குளிர்காலப் பயிருக்கு அதுதான் காலம் என்று எனக்குத் தெரியாதா? உள்ளிப் பல் ஊன்ற வேண்டும், கரட் போட வேண்டும், கொஸ்தா தந்த பெரிய அவரை விதை போட வேண்டும். ஒவ்வொரு நாளும் மனதுக்குள்ளே ஒவ்வொரு பாத்தியாகக் கொத்திக்கொண்டு கதிரையிலே இருந்தேன். நீர் உயிரோடு இருந்திருந்தால் பேசியிருப்பீர். மண்ணுக்கு என்ன துடக்கு என்று கேட்டிருப்பீர். கேட்க நீர் இல்லையே.

முப்பத்திரண்டாம் நாள் சவரம் செய்து, தலைக்கு முழுகி, நாற்றுப் பேணிகளைப் பழைய தள்ளுவண்டிலிலே அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். துண்டு முழுக்கப் புல். கணுக்கால் உயரம். இலக்கம் எழுதிய கட்டையிலே, பிளாஸ்ரிக் உறைக்குள்ளே ஒரு கடுதாசி கட்டியிருந்தது. கறுப்புக் கோடு போட்ட பெட்டி. மேலே கொட்டை எழுத்து, கீழே சின்ன எழுத்து, நடுவிலே இருபத்திமூன்று என்ற இலக்கம்.

அதைப் பார்த்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமே? எங்கள் ஊரிலே ஒரு ஆள் மோசம் போனால், சந்தியிலே, லைற் போஸ்ற்றிலே, அவர் வேலை செய்த கடைச் சுவரிலே, கறுப்புக் கரை போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள். வாசிக்கத் தெரியாத எனக்கும் அந்தக் கறுப்புக் கரை தெரியும். யாரோ போய்விட்டார் என்று நின்று பார்த்துவிட்டுப் போவேன். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். தோட்டத்துக்காரர் எல்லாரும் சேர்ந்து உமக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளைக்காரன், கிரேக்கன், வியற்நாமியன், எல்லாரும். சூசை, எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முப்பத்தொரு நாளும் அழாதவன் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொஸ்தாவின் துண்டுக் கரையிலே மஞ்சள் செவ்வந்தி பூத்திருந்தது. கைச்சைகையாலே கேட்டு, பத்துப் பூப் பறித்து, சணல் நூலிலே கட்டி, அந்தக் கடுதாசிக்கு மாலை போட்டேன். அடுத்த நாள் ஒரு மெழுகுதிரியும் கொண்டுபோய்க் கீழே வைத்தேன். நீர் வேதக்காரர் என்றபடியால் மெழுகுதிரி.

கொஸ்தா கிட்ட வந்து என் தோளிலே கையை வைத்தான். "சொரி, மை ஃப்ரெண்ட். வெரி சொரி."

"தாங்க்யூ" என்றேன். "சூசை குட் மேன்."

அவன் என்னையும் மாலையையும் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். வியற்நாம்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாளே, கொத்தமல்லிக்காரி, அவளும் வந்து "சொரி, சொரி" என்றாள். அவளுக்கும் தாங்க்யூ சொன்னேன். நான் கவலையைப் பங்குபோடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வேறு எதற்கோ சொரி சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கிழமை வெறிபிடித்த மாதிரி வேலை செய்தேன். புல்லைப் பிடுங்கி, பாத்தியை ஏற்றி, நாற்பது நோக்கோலும் நட்டேன். பிந்திப்போனதென்று தெரியும். குளிர் மண்ணுக்குள்ளே இறங்கமுதல் வேர் பிடித்துவிட வேண்டும் என்று, பின்னேரம் பின்னேரம் பழைய படுக்கை விரிப்பாலே மூடி, காலமை வந்து திறந்தேன். உள்ளி ஆறு வரி. அவரை இரண்டு வரி. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கமுன்னம் அந்தக் கடுதாசிக்கு முன்னாலே நின்று, இன்றைக்கு இன்னது செய்யப்போகிறேன் என்று உமக்குச் சொன்னேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஜெசிந்தா வந்தாள். அப்பாவின் தோட்டத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது என்றாள். நான் பெருமையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "பார் பிள்ளை, அப்பாவுக்கு எல்லாரும் சேர்ந்து அடிச்சுப் போட்டிருக்கினம்."

அவள் மாலையை விலக்கி வாசித்தாள். வாசித்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியிலே இருந்துவிட்டாள்.

"அங்கிள், இது அப்பாவுக்கு இல்லை."

"பேர் இருக்குமே?"

"பேர் இருக்கு. ஆனா இது நோட்டீஸ். இந்தத் துண்டிலை ஒருத்தரும் வேலை செய்யேல்லையாம். பதினாலு நாளுக்குள்ளை ஒஃபிசோடை கதைக்காட்டில் அடுத்த ஆளுக்குக் குடுப்பினமாம்."

"எத்தினை நாள் இருக்கு?"

அவள் கீழே இருந்த தேதியை விரலாலே தொட்டாள். "முடிஞ்சு பத்து நாள், அங்கிள்."

நான் வந்து மாலை போட்ட நாளிலே இன்னும் ஐந்து நாள் இருந்திருக்கிறது. ஐந்து நாள், சூசை. அந்த ஐந்து நாளும் நான் அதற்கு முன்னாலேயே நின்றேன். கும்பிட்டுக்கொண்டு நின்றேன். யாரிடமாவது ஒருதரம், இது என்ன என்று கேட்டிருந்தால்? கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வாசிக்கத் தெரியாதவன் பத்துக் கடுதாசியிலே ஒன்பதைக் கேட்டு அறிவான். தனக்குத் தெரியும் என்று நினைக்கிற ஒன்றைத்தான் கேட்கமாட்டான்.

தோட்டத்துக்குப் பொறுப்பான மார்கரெட்டை உமக்குத் தெரியும்தானே, உயரமான மனுசி, தொப்பிக்காரி. ஜெசிந்தா அவவோடு ரெலிபோனிலே அரை மணித்தியாலம் கதைத்தாள். அவ கெட்டவ இல்லை. துண்டை அடுத்த ஆளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம். அந்த ஆள் நாலு வருசம் காத்திருந்தவராம். நட்டதைப் பிடுங்கி எடுக்க ஜூலைக் கடைசி மட்டும் தவணை தந்தா. ஜூலையிலே நோக்கோல் எங்கே பிடுங்குகிறது? குளிர் நேரம் அது வளரவே வளராது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓகஸ்ட் நடுவிலேதான் ஊதி முற்றும். உள்ளி கிறிஸ்மசுக்குக் கிட்ட. இதையெல்லாம் ஜெசிந்தா சொல்ல, ஜூலை முதல் சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்து கதையுங்கோ என்று மார்கரெட் சொன்னா.

போனேன். கோட்டுப் போட்டுக்கொண்டு, என் கதையை இங்கிலிஷிலே சொல்ல ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் தகரக் கொட்டிலுக்குள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். மேல் துண்டுக்கார மனுசன் ஒருவர் கேட்டார். ஆறு வருசமாக வேலை செய்தவரென்றால், உம்முடைய பேர் ஏன் துண்டுக்குப் போட்ட விண்ணப்பப் போமிலே இல்லை?

அதற்கு என்ன சொல்ல, சூசை? உமக்குத் தெரியும். நீர் இரண்டு பேருடைய பேரையும்தான் எழுதினீர். இந்தக் குசினி மேசையிலே இருந்துதான் எழுதினீர். நான்தான் என் பேரை வெட்டுமன் என்று அடம்பிடித்தேன். அப்போது நான் சொன்ன கதையை அங்கேயும் சொன்னேன். சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமிலே பின்னேரம் பின்னேரம் ஸ்பீக்கரிலே பேர் வாசிப்பார்கள். வாசித்த பேருக்குரிய ஆள் எழும்பிப் போக வேண்டும். என் தம்பி நடேசனுடைய பேரை வாசித்தபோது, பள்ளிக்கூடத்திலே இடாப்புக் கூப்பிட்டால் சொல்லுகிற மாதிரி, கையை உயர்த்தி "ஓம், இஞ்சை" என்றான். அவன் ஏறின பஸ்சின் பின் கண்ணாடியிலே ஒரு வெடிப்பு இருந்தது. அதுகூட எனக்கு ஞாபகம். பஸ் திரும்பி வந்தது. வெறும் பஸ். அன்றிலிருந்து என் பேரை நானாக ஒரு கடுதாசியிலும் எழுதக் கொடுத்ததில்லை. நீர் ஒரு கதையும் கேட்காமல், அடிமட்டம் வைத்து என் பேருக்கு மேலாலே ஒரு கோடு இழுத்தீர்.

இவ்வளவு நீளமாக நான் சொன்னதை ஜெசிந்தா இங்கிலிஷிலே இரண்டு வசனத்திலே முடித்துவிட்டாள். ஏன் பிள்ளை என்று பிறகு கேட்டேன். மிச்சத்துக்கு இங்கிலிஷ் வரேல்லை அங்கிள் என்றாள். இதை எழுதும்போதும் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பொறுக்கிறேன்.

மார்கரெட் கை உயர்த்தச் சொன்னா. எனக்காகப் பதினொரு கை. கொஸ்தா இரண்டு கையும் உயர்த்தினான், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். மற்றப் பக்கம் எத்தனை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. அவர்களிலும் பிழை இல்லை. வரிசையிலே நிற்கிற ஆட்களுக்கு நாளைக்கு என்ன மறுமொழி சொல்லுகிறது என்று ஒரு பெண் கேட்டாள். கடைசி வாங்கிலே ஒரு மனுசன் கூட்டம் முழுக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நரைத்த தாடி. ஒரு கையும் உயர்த்தவில்லை. அவர்தான் துண்டு கிடைத்தவர் என்று வெளியிலே வந்தபிறகுதான் ஜெசிந்தா சொன்னாள். கரீம். ஆப்கானிஸ்தான்காரர்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். வீடு எப்படியென்று உமக்குத் தெரியும். மகனும் மருமகளும் காலமை போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். பேரப்பிள்ளைகளை நான் தமிழிலே கேட்டால் இங்கிலிஷிலே மறுமொழி வரும், அதுவும் அரை வசனம். பல்கனிக்குக் கீழே சீமெந்து. அந்த வீட்டிலே என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி, ரீவி ரிமோட்டை எங்கே வைத்தீங்கள் என்பதுதான். தோட்டத்திலேதான் நான் கந்தர். அங்கேதான் ஒருவன் வேலிக்கு மேலாலே என்னிடம் சந்தேகம் கேட்பான். அதுவும் போனால் காலமை எழும்பி நான் எங்கே போகிறது? நீர் சொல்லும். பஸ் ஏறி எங்கே போகிறது?

இனிச் சொல்லப்போவதை ஜெசிந்தாவும் இப்போதுதான் முதன்முதல் கேட்கிறாள். அடுத்த நாள் ஞாயிறு, விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். புல்லெல்லாம் உறைபனி, காலை வைத்தால் நொறுங்கியது. விரிப்பு பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. விரிப்பை இழுத்து எறிந்துவிட்டு, முதல் நோக்கோலைப் பிடித்துப் பிடுங்கினேன். தண்டு அப்போதுதான் ஊதத் தொடங்கியிருந்தது, ஒரு நெல்லிக்காய் அளவு. இரண்டாவதைப் பிடுங்கினேன். எனக்கில்லாதது ஆருக்கும் வேண்டாம் என்று நினைத்தேனா? என்ன நினைத்தேன் என்றே தெரியவில்லை. அழுதுகொண்டு பிடுங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு பிடுங்கினேன். எழுபத்தெட்டு வயதிலே, நட்ட பயிரை முற்றமுன்னம் பிடுங்கினது அதுதான் முதல்தரம். சண்டையிலே செல் விழுந்த நாட்களிலேயும் நான் அதைச் செய்ததில்லை. வெங்காயத்தை நிலத்திலே விட்டுவிட்டுத்தான் ஓடினோம்.

இருபத்தாறாவதைப் பிடுங்கும்போது பின்னாலே "அங்கிள்" என்று ஒரு சத்தம். திரும்பினால் கரீம். கையிலே தேத்தண்ணிப் போத்தலும் ஒரு பையும். நான் கையிலே வேரோடு செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கள்ளன் மாதிரி.

"நோ, அங்கிள். நோ ஹரி" என்றார். செடியைக் காட்டினார், என்னைக் காட்டினார். "யுவர்ஸ். ஸ்டே." உள்ளங்கையை மண்ணின் மேலே வைத்து மெல்ல அமத்தினார். பிறகு விரலாலே ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் என்று எண்ணி, தோளைக் குலுக்கினார். அவசரம் இல்லை, நிற்கட்டும், முற்றினபிறகு நீயே எடு என்று சொல்லத்தான் அந்த மனுசன் அந்தக் குளிரிலே வந்திருக்கிறார். கொஸ்தா சொல்லியிருக்கிறான், இந்த நேரம்தான் நான் வருவேன் என்று.

கையிலிருந்த செடியைக் கீழே போட்டேன். காலடியிலே இருபத்தாறு செடி கிடக்கிறது.

அவர் போத்தலை வைத்துவிட்டு முழங்காலிலே இருந்தார். ஒரு செடியை எடுத்தார். வெளி இலைகளை நகத்தாலே கிள்ளி எறிந்தார், நடு இலை இரண்டை மட்டும் விட்டார். வேர் அறுந்த செடி அத்தனை இலையையும் தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊதின தண்டு மண்ணுக்குள்ளே போகாமல், வேர் மட்டும் போகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, இரண்டு விரலாலே சுற்றி அமத்தினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பிழை கண்டுபிடிக்கலாமென்று பார்த்தேன், சூசை. ஒரு பிழையும் இல்லை. அவரும் கமக்காரன்.

ஏழாவது செடிக்குப் பிறகு நான் பூவாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன். பைப்புக்குள்ளே ஐஸ். கொஸ்தாவின் தண்ணீர்ப் பரலிலே மேலே படிந்ததை உடைத்து அள்ளிக்கொண்டு வந்து, அவர் நட நட நான் தண்ணீர் விட்டேன். முடிய அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். போத்தல் மூடியிலே. நான் கையிலே வாங்கினேன், ஆனால் குடிக்க முடியவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். பிறகு குடித்தேன்.

இன்றைக்கு இரண்டரைக் கிழமை. ஒன்பது செடி செத்துவிட்டது. மிச்சம் பதினேழு, சோர்ந்து மண்ணிலே படுத்திருக்கிறது. காலமை கொஞ்சம் நிமிர்கிறது, பின்னேரம் விழுகிறது. பிழைக்குமோ என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பிடுங்காமல் விட்ட பதினாலும் நல்லாய் நிற்கிறது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் வெட்கமாயிருக்கிறது. கரீம் சொல்லிவிட்டார்தான், நான் வரலாம், பயிர் என்னுடையதுதான் என்று. ஆனால் அது அவருடைய துண்டு. அவர் இருக்கிற நேரம் பார்த்து, கேற்றிலே நின்று தட்டி, அவர் திறந்தால் உள்ளே போக வேண்டும். என் மண்ணிலே நான் விருந்தாளி. இதைத் தாங்கப் பழக வேண்டுமா, அல்லது போகாமலே விடுகிறதா? நீர் என்றால் என்ன செய்வீர்? எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.

இந்தப் பேப்பரைப் படிக்கிற என் வயதுச் சனத்துக்கு ஒரு சொல் சொல்லச் சொல்லி ஜெசிந்தா கேட்கிறாள். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்தால், இரண்டு பேருடைய பேரையும் எழுதுங்கோ. பயமாயிருந்தாலும் எழுதுங்கோ. வாசிக்கத் தெரியாட்டில் கேளுங்கோ. தெரியும் என்று நினைத்தாலும் கேளுங்கோ. எனக்கு வேறு சொல்லத் தெரியாது.

ஒன்று செய்திருக்கிறேன், சூசை. போன புதன்கிழமை ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு மார்கரெட்டிடம் போய், துண்டுக்குக் காத்திருக்கிற வரிசையிலே என் பேரைப் போடச் சொன்னேன். நானாகச் சொன்னேன். கையெழுத்து இல்லை, பெருவிரல்தான் என்றேன். அங்கே மைப்பெட்டி இல்லை. ஜெசிந்தா நீலப் பேனையாலே என் பெருவிரலைத் தீட்டித் தீட்டி விட, நான் அழுத்தி வைத்தேன். மார்கரெட் அதைக் கன நேரம் பார்த்தா. பதினேழாவது ஆள் நான். நாலு வருசம் செல்லும், சிலவேளை ஐந்து என்றா. என் வயதை அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பைக் கொண்டுபோய் என் கையாலேயே கொடுப்பேன். சத்தம் போடமாட்டேன். உம்முடைய மண்வெட்டியைக் கொட்டிலிலே விடாமல் ஜெசிந்தாவிடம் சேர்ப்பேன்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உள்ளதைச் சொன்னால், இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு விடியலிலும் உம்மிடம் என்னையும் கூப்பிடச் சொல்லித்தான் மன்றாடினேன். இனி அப்படிக் கேட்கமாட்டேன். பிறஷர்க் குளிசையை நேரத்துக்குப் போடுவேன். சுகந்தி சொல்லுகிற டொக்டரிடம் முறுகாமல் போவேன். முன்னாலே நிற்கிற பதினாறு பேரும் முடிந்து என் முறை வரும் மட்டும் நான் இங்கேதான் நிற்பேன், எப்படியென்று தெரியாது, ஆனால் நிற்பேன். நீர் அங்கே எனக்கென்று ஒரு இடம் பிடித்து வைத்திருந்தால், பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வேறு ஆருக்காவது கொடுத்துவிடும்.

உம்முடைய சகோதரம்,
கந்தையா